பொய்ச்சாட்சி சொல்லும் நொதிகள்

சென்ற ஆண்டு செய்முறை வகுப்பில் நான் ஒரு "கண்டுபிடிப்பு" செய்தேன். எங்கள் ஜவ்வாது மலையில் விளைந்த சாமையை அரைத்து, நீரில் ஊறவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை மாவுச்சத்துக் கரைசலில் கலந்தேன். சற்று நேரம் கழித்து அயோடின் விட்டபோது வரவேண்டிய நீலநிறம் வரவில்லை. மாவுச்சத்தை அமைலேஸ் என்னும் நொதி சிதைத்துவிட்டது என்பது இதன் பொருள். முளைவிடாத சாமையிலேயே இவ்வளவு நொதியா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மலைச் சாமையின் பெருமையைக் கருத்தரங்கில் எடுத்துச் சொல்லலாம் என்று கட்டுரையும் எழுதிவிட்டேன்.

அதைப் படித்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, கொதிக்கவைத்த சாற்றில் என்ன ஆயிற்று?"

கொதிக்கவைத்தால் நொதி செயலிழந்துவிடும். நீலநிறம் வந்தாக வேண்டும். செய்து பார்த்தேன், வரவில்லை. சாற்றுக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்டேன், அப்போதும் வரவில்லை. கடைசியில் முகவையிலிருந்த மாவுச்சத்துக் கரைசலை மட்டும் எடுத்து அயோடின் விட்டேன். அதுவே நீலமாகவில்லை! காலையில் உமிழ்நீர்ச் சோதனைக்கு எடுத்த பிப்பெட்டைக் கழுவாமல் அந்த முகவையில் தோய்த்தவன் நானேதான். நான் கண்டது சாமையின் நொதியை அன்று. என் வாயின் நொதியை! கட்டுரையைக் கிழித்துப் போட்டேன்.

என் தவறு சிறியது. ஆனால் பெரிய ஆய்வுக்கூடங்களையும் இதே தொல்லை விடுவதில்லை என்று பின்னர் படித்தறிந்தேன். அதை நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கத்தியும் கலப்படமும்

ஒரு பொருளில் என்னென்ன புரதங்கள் உள்ளன என்று அறிய, முதலில் அப்புரதங்களைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறார்கள். அதற்குக் கத்தியாகப் பயன்படுவது டிரிப்சின். பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படும் இந்த நொதி, லைசின், அர்ஜினின் என்ற இரு அமினோ அமிலங்களை அடுத்துப் புரதச் சங்கிலியை வெட்டுகிறது. துண்டுகளின் நிறையை நிறைநிறமாலைமானி அளக்கிறது. அந்த அளவுகளைக் கணிப்பொறி, தெரிந்த புரதங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்கிறது.

சிக்கல் இங்கேதான். டிரிப்சினும் ஒரு புரதமே! வேலியே பயிரை மேய்ந்த கதையாக, அது தன்னையும் வெட்டிக்கொண்டு அத்துண்டுகளையும் சோதனைப் பொருளோடு கலந்துவிடுகிறது. சில வேளைகளில் அதனுடன் கைமோடிரிப்சின் என்ற இன்னொரு நொதியும் ஒட்டிக்கொண்டு வந்து, வெட்டக்கூடாத இடங்களில் வெட்டுகிறது. ஆய்வாளரின் தோல், முடி ஆகியவற்றின் கெரட்டினும் சேர்ந்துகொள்ளும். சாமையின் புரதப் பட்டியலை மட்டும் கணிப்பொறிக்குக் கொடுத்தால், பன்றியின் துண்டுக்கும் அது ஒரு சாமைப் புரதத்தின் பெயரைச் சூட்டிவிடக்கூடும். தன் பட்டியலில் இல்லாத பெயரை அது எப்படிச் சொல்லும்?

டைனோசரின் வழக்கு

2007-இல் அமெரிக்காவில் ஜான் அசாரா, மேரி ஷ்வைட்சர் முதலியோர், 6 கோடியே 80 இலட்சம் ஆண்டுப் பழைமையான டைரனோசர் எலும்பில் கொலாஜன் துண்டுகளைக் கண்டதாக அறிவித்தனர். கொலாஜனின் முப்புரி அமைப்பை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் விளக்கியது நமக்குப் பெருமை. அந்த டைனோசர் அளவீடுகளை 2009-இல் வேறு ஆய்வாளர்கள் மீண்டும் அலசியபோது, தீக்கோழியின் ஹீமோகுளோபினை ஒத்த துண்டு ஒன்றும் கிடைத்தது. தீக்கோழி எலும்பும் அதே ஆய்வில் சோதிக்கப்பட்டதால், கிடைத்தது டைனோசரா, தீக்கோழியா என்ற ஐயம் எழுந்தது. 2017-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும் அதே ஐயத்தைக் கிளப்பியது.

காக்கும் வழிகள்

1. டிரிப்சினின் லைசின்களில் மெத்தில் தொகுதிகளை ஏற்றிவிட்டால், அது தன்னைத்தானே வெட்டிக்கொள்வது குறையும். கூட வரும் கைமோடிரிப்சினையும் வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்யலாம்.

2. நொதியை அளவோடு இடவேண்டும். 50 பங்கு புரதத்துக்கு 1 பங்கு நொதி என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று.

3. சோதனைப் பொருளே இல்லாமல் நொதியை மட்டும் வைத்து ஒரு வெற்றுச் சோதனை செய்யவேண்டும். அதில் தோன்றுவதெல்லாம் கலப்படமே.

4. டிரிப்சின், கெரட்டின் முதலிய கலப்படப் புரதங்களின் பெயர்களையும் ஒப்பீட்டுப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். அப்போது குற்றவாளி தன் பெயரிலேயே பிடிபடுவான்.

5. புரத வரிசைகளைத் தலைகீழாகத் திருப்பிப் போலிப் பட்டியல் ஒன்றையும் சேர்க்கவேண்டும். அதில் எத்தனை பொருத்தம் விழுகிறதோ, ஏறக்குறைய அத்தனை பிழை உண்மைப் பட்டியலிலும் இருக்கும் எனக் கொள்ளலாம். நூற்றுக்கு 1 பிழைக்கு மேல் ஏற்பதில்லை என்பது பொதுவான வழக்கம். ஆனால் இந்த வழி தற்செயல் பொருத்தத்தைத்தான் காட்டும். உண்மையாகவே வந்து கலந்த தீக்கோழியைக் காட்டாது. அதற்கு வெற்றுச் சோதனையே துணை.

பகைவனே நண்பனாவதும் உண்டு. பன்றி டிரிப்சினின் துண்டுகள் 842.5, 2211.1 என்ற நிறை அளவுகளில் தவறாமல் தோன்றுவதால், அவற்றைக் கொண்டே கருவியைச் சரிபார்க்கிறார்கள். எங்கள் மலையிலுள்ள காவலூரில் 1986-இல் தொடங்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. விண்மீனின் ஒளியைப் பிரித்து ஆராயும் வானியலார், தெரிந்த விளக்கொன்றின் ஒளிக்கோடுகளையும் உடன் பதிந்து அவற்றையே அளவுகோலாகக் கொள்வார்கள். தெரிந்ததை வைத்துத் தெரியாததை அளப்பது விண்ணுக்கும் பொருந்தும், புரதத்துக்கும் பொருந்தும்.

கருவி சொல்வதெல்லாம் பொருளின் குரல் அன்று. சில வேளைகளில் அது நம் கையின், நம் வாயின் எதிரொலி. இப்போது எந்தச் சோதனைக்கும் முதல் குழாயில் வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டே தொடங்குகிறேன். சாமையை முளைகட்டி மறுபடியும் சோதிக்கப்போகிறேன். இம்முறை சாட்சி சொல்லவேண்டியது சாமையே!