மிளகுக்குள் ஒரு கை

மாத்தளைத் தோட்டங்களில் முள்முருக்கைப் பற்றியேறும் மிளகுக்கொடியைக் காணாதார் அரியர். அதன் காரத்தைப் புகழ்வோர் பலர். மணத்தை நினைப்போர் சிலரே. அம்மணத்தைத் தரும் எண்ணெயில் அல்பா-பெலாந்திரீன் என்றொரு பொருள் உண்டு. ஆறு கரிம அணுக்கள் வளையமாய் அமைந்த அதன் மூலக்கூறுக்கு ஒரு ‘கை’ இருக்கிறது. நம் இடக்கையும் வலக்கையும் ஒத்திருந்தும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை அன்றோ? அவ்வாறே இம்மூலக்கூறும் தன் ஆடி உருவோடு பொருந்தாது. 1848இல் பாஸ்டர் உப்புப் பளிங்குகளை இருவகையாய்ப் பிரித்துக் காட்டியது இத்தன்மையைத்தான்.

பெலாந்திரீன் மீது புறஊதா ஒளி பட்டால் வளையம் அறுந்து சங்கிலியாகிறது. அறுபடும் பிணைப்பின் ஒரு முனை, கைத்தன்மையைத் தாங்கிநின்ற அணுவே. ஆகவே வளையத்தோடு கையும் மறைகிறது. முன்னும் பின்னும் இருந்த நிலைகளை வேதியியலார் நெடுங்காலமாய் அறிவர். இடையில் நிகழ்ந்தது மட்டும் திரைக்குள் இருந்தது. ஒரு செக்கனை ஆயிரம் இலட்சம் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு பெம்டோசெக்கன். இந்த நாடகம் சில நூறு பெம்டோசெக்கனில் முடிந்துவிடும்!

இதை அளக்கும் கடிகாரம் ஒளியே. முதல் ஒளித்துடிப்பு மூலக்கூறைக் கிளர்த்துகிறது. இரண்டாவது சற்றுத் தாமதித்து வந்து அதன் நிலையைப் பார்க்கிறது. நூறு பெம்டோசெக்கனில் ஒளி செல்லும் தொலைவு 0.03 மில்லிமீற்றர். ஆதலால் கண்ணாடியை மயிரிழையிலும் குறைவாக நகர்த்தித் தாமதத்தை மாற்றலாம். கையை அறிய, அவ்விரண்டாம் துடிப்பை வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் மாற்றி மாற்றி அனுப்பி, உறிஞ்சப்படும் அளவில் வேற்றுமை தேட வேண்டும். அவ்வேற்றுமை பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயிரம் மிளகை நிறுத்து ஒரு மிளகு குறைந்ததைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை. அதுவும் தராசு ஆடிக்கொண்டிருக்கையில்! 2022இல் லோசான் ஆய்வாளர் ஓர் இரும்புச் சேர்வையில் இதைச் செய்தனர். ஒளியால் கிளர்ந்த மூலக்கூறு பழைய நிலைக்கு மீள்வது ஒரு முறுக்கசைவினால் என்று கண்டனர்.

பெலாந்திரீனை நோக்கியவர்கள் கலிபோர்ணியாவின் ஸ்லாக் ஆய்வுக்கூடத்தார். 2021இல் வெளியான அவர்கள் ஆய்வில் இரண்டாம் துடிப்பு ஒளியன்று, எலக்ட்ரன் கற்றை. வளையம் திறப்பதற்குமுன் மூலக்கூறு எவ்வாறு மடங்கி நின்றதோ, அதற்கேற்ற சங்கிலி வடிவமே பிறந்தது. வுட்வார்ட், ஹொஃப்மன் ஆகியோர் 1965இல் வகுத்த விதி சொன்னதும் அதுவே.

மிளகு பறிப்போரின் தோலில் வெயில் பட்டு விற்றமின் டி உண்டாகும்போதும் இவ்வகை வளையத் திறப்பே முதலில் நிகழ்கிறது. எனவே இதை வெறும் ஆய்வுக்கூட விளையாட்டு என்று நான் எண்ணவில்லை. ஒரு குறையையும் சொல்லவேண்டும். எலக்ட்ரன் கற்றை அணுக்களின் இடத்தைக் காட்டுமே தவிர, வாயுநிலையிலுள்ள மூலக்கூறு இடக்கையா வலக்கையா என்று கூறாது. சுழலொளியோ கையைக் காட்டும்; அணுக்களின் இடத்தைக் காட்டாது.