கம்பியா? காற்றா?

உங்கள் வீட்டில் இரண்டு கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அக்காள் திருமணத்தில் எடுத்த 1 கிகாபைட் வீடியோவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்ப வேண்டும். இரண்டையும் கேபிள் மூலம் ஸ்விட்சில் இணைத்து அனுப்பலாம். வைஃபை ரவுட்டர் வழியாகவும் அனுப்பலாம். எப்படி அனுப்பினாலும் ஒன்றுதானே என்று நினைக்கிறீர்களா? இல்லை.

முதலில் ஸ்விட்சைப் பார்ப்போம். கேபிளைச் செருகும் துளைகளுக்குப் போர்ட் என்று பெயர். கணினியின் கேபிள் இணைப்புக்குத் தயாரிக்கும்போதே 48 பிட் முகவரி ஒன்று தரப்படுகிறது. தகவல் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொன்றிலும் அனுப்புவது யார், பெறுவது யார் என்ற இரு முகவரிகளும் இருக்கும். எந்த முகவரி எந்த போர்ட்டிலிருந்து வந்தது என்பதை ஸ்விட்ச் குறித்து வைத்துக்கொள்கிறது. அறிமுகமில்லாத முகவரிக்குப் பொட்டலம் வந்தால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பிப் பார்க்கிறது. பதில் வந்ததும் இடம் தெரிந்துவிடுகிறது அல்லவா? அதன்பின் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டுமே அனுப்பும். இரு கணினிகள் பேசிக்கொள்வதால் மூன்றாவதற்கு இடையூறு இல்லை. ஸ்விட்சின் வேகம் நொடிக்கு 1 கிகாபிட் என்றால், நம் வீடியோ 8 கிகாபிட் ஆகையால், சுமார் 9 நொடி போதும். இதற்கு இணைய இணைப்பே தேவையில்லை!

வைஃபையில் நிலைமை வேறு. (காற்று என்று நாம் சொன்னாலும், ரேடியோ அலைகள் பரவக் காற்று தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.) ஒரே அலைவரிசையை எல்லாக் கருவிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டு ஒரே நேரத்தில் பேசினால் அலைகள் கலந்து இரண்டுமே குழம்பிவிடும். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் ரேடியோ மூலம் கணினி வலையமைப்பை ஏற்படுத்தியபோதே இந்தச் சிக்கல் எழுந்தது. குழம்பிய பொட்டலத்தைச் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்புவதே அவர்கள் கண்ட வழி.

வைஃபை கருவியோ முதலில் கவனித்துக் கேட்கிறது. வேறொன்று பேசினால் காத்திருக்கிறது. அமைதியான பின்னும் சிறிது நேரம் பொறுத்தே பேசுகிறது. பேசிக்கொண்டே கேட்கலாமே என்பீர்கள். முடியாது. தான் அனுப்பும் அலையோடு ஒப்பிட்டால், அடுத்த அறையிலிருந்து வந்து சேரும் அலை மிக மிக வலுக்குறைந்தது. தன் குரலே தன் காதை அடைத்துவிடும்!

இன்னொன்று: கணினிகள் இரண்டும் வைஃபையில் இருந்தால், ஒவ்வொரு பொட்டலமும் முதலில் ரவுட்டருக்குப் போய், அங்கிருந்து மறுபடி புறப்பட வேண்டும். ஒரே அலைவரிசையில் இருமுறை பயணம்; வேகம் பாதிக்கு மேல் குறையும்.

ஆகவே இடம் மாறாத மேசைக் கணினியையும் தொலைக்காட்சியையும் கேபிளில் இணையுங்கள். அப்போது அப்பாவின் கைப்பேசிக்கும் உங்கள் இணைய வகுப்புக்கும் அலைவரிசையில் இடம் கிடைக்கும். ரவுட்டரிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரே கேபிள் போதும். இரண்டு கேபிள்கள் போட்டால் வேகம் கூடும் என்று எண்ண வேண்டாம். எல்லோருக்குமான பொட்டலம் ஒன்று வந்தால், அது ஒரு கேபிளில் போய் மற்றதில் திரும்பி, நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சாதாரண வீட்டு ஸ்விட்ச் அதை நிறுத்தாது. சில நொடிகளில் வலையமைப்பு முழுவதும் முடங்கிவிடும்.