அம்மா அழுத்திய பொத்தான்

வானொலியில் நேரம் தவறாமல் பேசுவது என் தொழில். கூலாயில் இருக்கும் அம்மாவுக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்க மட்டும் எனக்கு நேரம் அமைவதில்லை. அம்மாவுக்கு இனிப்பு நீர்.

பைத்தான் கற்றுக்கொண்டிருந்த சமயம் அது. வேளைக்கு மணியடித்து, 'மாத்திரை சாப்பிட்டீர்களா?' என்று கேட்கும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். 'எஸ்', 'நோ' என்று இரண்டு பொத்தான்கள். அம்மா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். அதனால் கடைசி நிமிடத்தில் எழுத்தை மட்டும் 'சாப்பிட்டேன்', 'சாப்பிடவில்லை' என்று மாற்றி, அவருடைய மடிக்கணினியில் போட்டேன். ஓட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா மாத்திரை போட்டுப் பொத்தானையும் அழுத்தினார். அரை மணி நேரத்தில் மீண்டும் மணி அடித்தது. அம்மா இன்னொரு மாத்திரையைப் பிரித்துவிட்டார்.

"அம்மா, இப்பத்தானே போட்டீங்க?"

"கணினி கேக்குதேமா, மறந்துட்டேன் போல."

சர்க்கரை சட்டென இறங்கினால் ஆபத்து. ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். முதல் பொத்தானின் வாலை இரண்டாவது பொத்தான் மறைத்திருந்தது. இரண்டாவதின் வால் சாளரத்துக்கு வெளியே. ஒன்றில் 'சாப்பிட்', மற்றதில் 'சாப்பிட'. ஒரு புள்ளிதான் வித்தியாசம்!

தவறு என்னுடையது. பைத்தானோடு வரும் 'டிகிண்டர்' நூலகத்தில் பொத்தான், எழுத்துப்பட்டை, பெட்டி எல்லாமே 'விட்ஜெட்'கள். அமெரிக்காவில் ஜான் ஔஸ்டர்ஹவுட் உருவாக்கி 1991இல் வெளிவந்த 'டிகே' கருவித்தொகுப்பே இதன் அடிப்படை. விட்ஜெட்டை உருவாக்கினால் மட்டும் திரையில் தோன்றாது. அதற்கு இடமும் சொல்ல வேண்டும். வழிகள் மூன்று.

'பிளேஸ்' என்பது சுவரில் ஆணி அடித்துப் படம் மாட்டுவது போல. படம் பெரிதானால் பக்கத்துப் படத்தில் இடிக்கும். நான் செய்தது இதைத்தான். 'பேக்' ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கும். 'கிரிட்' வகுப்பறை மேசைகளைப் போல வரிசையாகக் கட்டங்களில் வைக்கும். இவை இரண்டும் எழுத்தின் நீளத்தை அளந்து இடம் ஒதுக்கும். சாளரத்தின் அளவை நாம் கட்டிப்போடாவிட்டால் அதுவும் கூடவே விரியும். ஒரே சட்டத்துக்குள் இவ்விரண்டையும் கலந்தால் மட்டும் பிழை வரும்.

அன்றே 'கிரிட்'டுக்கு மாற்றி, பொத்தான்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். பதில் சொன்னதும் அவை மறைய 'கிரிட் ரிமூவ்' போதும். மறுவேளை 'கிரிட்' என்று அழைத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். 'டெஸ்ட்ராய்' என்றால் அழிந்தே போகும்.

இம்முறை அம்மாவையே உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பொத்தானையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அழுத்தினார்.

செயலி எழுதும் தம்பி தங்கைகளே, ஆங்கிலத்தில் முடித்துவிட்டுக் கடைசியில் தமிழைத் திணிக்காதீர்கள். இருப்பதிலேயே நீளமான தமிழ்ச் சொல்லை முதல் நாளே பொத்தானில் போட்டுப் பாருங்கள். பிறகு, அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.