திரையிற் காணும் தெரிவுப்பட்டியும் தமிழ்த் தொடரமைதியும்

இசை கேட்டற்கும் படம் பார்த்தற்கும் இந்நாளில் நாம் கையாளும் மென்பொருள்கள் பல. கணினியில் வீ.எல்.சி. என்பதும், தொலைக்காட்சித் திரையிற் கோடி என்பதும், கைப்பேசியில் எண்ணிறந்த செயலிகளும் வழங்குகின்றன. இவற்றின் ஒலித்திறம் பற்றியும் படத்தெளிவு பற்றியும் பேசுவோர் பலர். ஆயின், இன்னதைச் செய் என்று நாம் கருவிக்குக் கட்டளையிடும் வாயிலாகத் திரையில் வரிவரியாகத் தோன்றும் தெரிவுப்பட்டி பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. அப்பட்டியைத் தமிழில் எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. மொழிபெயர்த்தால் போதாதா என வினவுவோர் உளர். போதாது என்பதற்கு எம் இல்லத்து நிகழ்ச்சியொன்றே சான்றாகும்.

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளிப் பக்கஞ் செல்வார்க்கு, வயல்களின் நடுவே அமைந்த சொறிக்கல்முனையை அறிமுகஞ் செய்யவேண்டுவதில்லை. அங்கே எம் பெரியம்மா தனித்து வாழ்கின்றார். பெரியப்பா சூடு மிதிக்குங் களத்திற் பாடும் பொலிப்பாட்டிற் பெயர் பெற்றவர். அவர் மறைவதற்குமுன் பிள்ளைகள் மூன்று பாட்டுக்களைக் கைப்பேசியிற் பதிந்து, பென் டிரைவில் இட்டுத் தொலைக்காட்சியோடு பொருத்திக் கொடுத்திருந்தனர். மாரி காலத்து மாலையொன்றில், அம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தல் வேண்டுமென விரும்பிப் பெரியம்மா றிமோட்டை எடுத்தார். திரையிற் பட்டி விரிந்தது. அதிலே மூன்று வரிகள். மூன்றும் ‘இப்பாடலை…’ என்றே இருந்தன. முதல் வரி பட்டியலிற் சேர்ப்பது. அடுத்தது பட்டியலினின்று நீக்குவது. கடையது பதிவையே சாதனத்தினின்று அழிப்பது. இடம் போதாமையால் ஒவ்வொன்றின் பிற்பகுதியும் வெட்டுண்டு மூன்று புள்ளிகளாய் மாறியிருந்தது. பெரியம்மா கடை வரியை அழுத்தினார். ‘உறுதியா?’ என்றொரு வினா எழுந்தது. ‘ஆம்’ என்பதே முன்னரே ஒளியூட்டப்பட்டிருந்தமையால் அதனையும் அழுத்தினார். அடுத்த பாட்டிற்கும் அவ்வாறே செய்தார். எஞ்சியது ஒன்று. பதிந்த கைப்பேசியோ பழுதாகிக் கழிந்துபோனது. பின்னர் நாம் சென்று வினவியபோது, “எல்லாம் ஒரே மாதிரித்தானே மனே கிடக்கு, எதை எண்டு பார்க்க?” என்றார். அவ்வினாவிற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை.

பிழை எங்கே நேர்ந்தது? முதியவரின் அறியாமையில் அன்று, தொடரமைதியிலே நேர்ந்தது. தமிழிற் பயனிலை இறுதியில் நிற்பது இயல்பு. எழுவாய், செயப்படுபொருள், வேற்றுமை ஏற்ற பெயர்கள் யாவும் முன்னர் வந்தபின்னரே ‘சேர்’ என்றோ ‘நீக்கு’ என்றோ வினை தோன்றும். ஆங்கில ஏவல் வாக்கியத்தில் வினை தலையில் நிற்கும். எனவே ஆங்கிலப் பட்டியின் வரியொன்றை வலப்புறத்தே வெட்டினால், இழப்பது பெரும்பாலும் யாவருக்குந் தெரிந்த செயப்படுபொருளே, செய்கை தப்பிவிடும். அதே கத்தரியைத் தமிழ் வரிமேற் செலுத்தினால் யாவருக்குந் தெரிந்த செயப்படுபொருள் தங்கி, செய்கை போய்விடும். வெட்டும் முறை மொழிக்குப் பொதுவானது என்று எண்ணியதே தவறு. அம்முறை ஆங்கிலத்தின் வாக்கிய அமைதியைத் தன்னுள்ளே மறைத்துக் கொண்டிருக்கின்றது.

மொழிபெயர்ப்போரைக் குறைகூறல் எளிது. ஆயின் அவர்தம் நிலையையும் அறிதல் வேண்டும். வீ.எல்.சி. மென்பொருளை எடுத்துக்கொள்வோம். எக்கோல் சந்த்ரால் பாரிசு என்னும் கல்லூரி மாணவர் 1996இல் தம் விடுதி வலையமைப்பின் பொருட்டுத் தொடங்கிய முயற்சியிலிருந்து கிளைத்தது அது. 2001இல் அதன் மூலநிரல் எவரும் எடுத்தாளும் உரிமத்தோடு வெளியிடப்பட்டது. கல்லூரி மாணவர் முயற்சி உலகெங்கும் பரவியதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை யாம் அறியோம். தமிழ் உட்படப் பல மொழிகளில் அதன் பட்டிகளைத் தன்னார்வலர் பெயர்த்துள்ளனர். அவர்கள் முன் வைக்கப்படுவது திரையன்று. ஆங்கிலச் சொற்றொடர் ஒருபுறமும் வெற்றிடம் மறுபுறமுமாக அமைந்த நீண்ட கோப்பு. அச்சொல் எந்த அகலமுடைய கட்டத்தில் அமரும், அதன் மேலும் கீழும் எவ்வரிகள் நிற்கும் என்பதைக் கோப்புப் பெரும்பாலும் கூறாது. ‘பிளே’ என்பது பெயரா வினையா, ‘றெக்கோர்ட்’ என்பது பதிவா பதிதலா என்பதையும் ஊகித்தே எழுதவேண்டும். ‘றிமூவ்’, ‘டிலீற்’ என்னும் இரண்டிற்கும் ‘நீக்கு’ என்று எழுதுவார் உளர். தனித்தனியே நோக்கின் இரண்டுஞ் சரியே. ஒரே பட்டியில் அடுத்தடுத்து நிற்கும்போதன்றோ தீங்கு விளைகின்றது!

இனிப் பரிகாரத்தை நோக்குவோம். வினையை முன்னே இழுத்து ‘சேர் பட்டியலில்’ என எழுதலாமென்பர் சிலர். இது செய்யுளுக்குப் பொருந்தலாம். நாள்தோறுங் கையாளும் கருவிக்குப் பொருந்தாது. வேறொரு வழி தமிழின் இயல்பிலேயே அமைந்து கிடக்கின்றது. தமிழில் முதலிற் பொருளைச் சுட்டிப் பின்னரே செயலைச் சொல்கின்றோம். பட்டியும் அவ்வாறே நடக்கட்டும். பதிவின் பெயர் தலைப்பாக மேலே நிற்க, அதன்கீழ் ‘கேள்’, ‘சேர்’, ‘எடு’, ‘அழி’ என ஒருசொல் வரிகள் மட்டும் வருதல் வேண்டும். ‘இப்பாடலை’ என்பதை ஒவ்வொரு வரியிலும் மீளக் கூறுதல் வீண். தலைப்பே அதனைச் சொல்லிவிட்டது. தலைப்பும் வரியுஞ் சேர்ந்து ஒரு முழு வாக்கியமாகும். வெட்டுதற்கு எதுவும் எஞ்சாது.

இது புதுமையன்று. 1981இல் செரொக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் என்னும் கணினியில், முதலிற் பொருளைத் தெரிந்து, பின்னரே நகர்த்தல், படியெடுத்தல், அழித்தல் ஆகியவற்றுக்குரிய விசைகளை அழுத்தும் முறை கைக்கொள்ளப்பட்டது. பெயர் முன், வினை பின் என்னும் இம்முறை ஆங்கிலேயர் வாக்கியத்திற்கு மாறானது. நம் வாக்கியத்திற்கு முற்றிலும் ஒத்தது. நமக்கெனவே தைத்த சட்டையைக் கழற்றிவைத்து, அயலார் சட்டையைத் தமிழ்ச் சாயமிட்டு அணிந்துகொண்டோம் போலும்.

வினையின் வடிவும் கவனித்தற்பாலது. பட்டியில் ‘திற’ என்பதா, ‘திறக்கவும்’ என்பதா? மரியாதை கருதிப் பின்னதை இடுவர். ஆயின் பட்டியின் வரி, மனிதன் கருவிக்கு இடும் ஏவல். கருவிக்கு மரியாதை வேண்டா. ‘திற’ என்பதே தகும். கருவி மனிதனை நோக்கி, ‘பென் டிரைவைப் பொருத்துங்கள்’ எனப் பேசுமிடத்தில் மரியாதை இன்றியமையாதது. யார் யாரிடம் பேசுகின்றார் என்பதை இவ்விரு வடிவங்களும் ஒரே பார்வையிற் காட்டிவிடும். ஆங்கிலத்திற்கு இவ்வசதி இல்லை. நமக்கிருந்தும் பயன்கொள்ளாது கலந்தெழுதுகின்றோம்.

சொற்றெரிவில் இரண்டொன்று கூறுவோம். ‘நிறுத்து’, ‘இடைநிறுத்து’, ‘ஒலிநிறுத்து’ என மூன்றையும் ஒரே பட்டியில் அடுக்குதல் தகாது. விரைந்து நோக்குங் கண் மூன்றையும் ஒன்றாகவே கொள்ளும். ‘நிறுத்து’, ‘சற்றுப் பொறு’, ‘ஒலி வேண்டாம்’ என்பன வேறுபடத் தோன்றும். இன்னொன்று: கேட்பன யாவற்றையும் ‘பாடல்’ என்றல் வழக்கமாகிவிட்டது. சம்மாந்துறையில் நண்பர் ஒருவர் இல்லத்தே குர்ஆன் ஓதலின் பதிவு ‘பாடல்கள்’ என்னும் பிரிவின்கீழும், ஓதியவர் ‘பாடகர்’ என்றும் திரையிற் காணப்பட்டமையைக் கண்டோம். வீட்டார் நகைத்து விட்டுவிட்டனர்; ஆயினும் அது நகைப்பிற்குரியதன்று. ‘பதிவு’, ‘குரல்’ என்னும் பொதுச்சொற்கள் இருக்கின்றனவே.

எழுத்தின் வடிவாலும் இடர் உண்டு. ‘இடைநிறுத்து’ என்பது இலக்கணப்படி ஆறு எழுத்து. யுனிக்கோடு முறையிலோ பதினொரு குறியீடு. உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதே காரணம். குறியீடுகளை எண்ணி வெட்டும் மென்பொருள் ‘று’வின் நடுவே வெட்டி ‘ற’ என நிறுத்தும். ‘நிறு’ என்னும் சொல் ‘நிற’ ஆகிவிடும். வெட்ட நேர்ந்தால் முழு எழுத்தின் எல்லையிலேயே வெட்டுதல் வேண்டும். வரிகளுக்கிடையே உயரம் போதாவிடின், மேலே புள்ளியும் கீழே உகரத்தின் வளைவும் மறையும். இலத்தீன் எழுத்துக்கென வகுத்த உயரத்தைத் தமிழுக்குச் சிறிது கூட்டியே ஆகவேண்டும். தொலைக்காட்சியைப் பத்தடித் தொலைவிலிருந்து காண்போர்க்கு இது மேலும் இன்றியமையாதது.

வரிகள் எத்தனை இருக்கலாம்? ‘ஏழுக்கு மேற்படலாகாது’ என்று 1956இல் ஜோர்ஜ் மில்லர் எழுதிய கட்டுரையை மேற்கோளாக்குவர். அவர் ஆராய்ந்தது நினைவிற் கொள்ளும் அளவையே. கண்முன் இருக்கும் வரிகளை நினைவிற் கொள்ளவேண்டுவதில்லை. 1981இல் டி. பி. மில்லர் என்னும் வேறொருவர் அறுபத்துநான்கு உருப்படிகளைப் பலவாறு அடுக்கிச் சோதித்தபோது, எட்டெட்டாக இரண்டு படியில் அமைத்ததே விரைவிற் கண்டுபிடிக்கத்தக்கதாயிற்று. ஆழமான பட்டியினும் அகன்ற பட்டியே நன்று என்பது அதனாற் பெறப்படும்.

அழித்தல் பற்றி மட்டும் தனியே கூறவேண்டும். ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் விடைகள், வினாவைப் படியாதவர்க்குப் பொருளற்றவை. ‘அழி’, ‘வைத்திரு’ என விடையிலேயே செயலை எழுதி, ‘வைத்திரு’ என்பதையே முன்னர் ஒளியூட்டல் வேண்டும். இதனினுஞ் சிறந்தது, அழித்ததைச் சில நாள் ஒதுக்கி வைத்து மீட்டுத் தருவது.

சென்ற விடுமுறையில், தாளை வரிவரியாக நறுக்கி, மேற்கூறியவாறு சொற்களை எழுதிப் பெரியம்மாவின் மேசைமேல் அடுக்கினோம். தலைப்பிற் பெரியப்பாவின் பெயர். கீழே ‘கேள்’, ‘சேர்’, ‘எடு’, ‘அழி’. ஒவ்வொன்றும் என்ன செய்யுமென எண்ணுகின்றார் என்று கேட்டோம். முதலிரண்டும் உடனே விளங்கின. ‘எடு’ என்றவிடத்துச் சிறிது மயங்கி, “பென்னைக் கழற்றவா?” என்று வினவினார், ஆகவே அச்சொல் ஆகாதென அறிந்து ‘பட்டியல் வேண்டாம்’ என மாற்றினோம். ‘அழி’ என்னும் தாளை அவர் கையில் எடுத்து, மற்றவற்றோடு வையாது மேசையின் மறுகோடியிற் கொண்டுபோய் வைத்தார். பட்டியிலும் அதனை அவ்வாறே, ஏனையவற்றினின்று இடைவெளி விட்டுக் கடைக்கோடியில் அமைத்துள்ளோம்.