கதவில் பெயர் இல்லாத கூடம்

சேலத்திலிருந்து சென்னைக்கு ஆகாய விமானத்தில் போவதென்று தீர்மானித்து விட்டீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். நகரத்திலிருந்து சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில், ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. 1993-ல் ஏற்பட்ட நிலையம். ஆனால் கோபக்கார மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வந்து போகிற மாதிரி, விமானம் அங்கே சில காலம் வரும். பிறகு நின்று விடும். 2018 மார்ச்சில் 'உடான்' திட்டத்தில் வந்தது. 2021-ல் போய் விட்டது. 2023 அக்டோபரில் சமாதானமாகி மறுபடியும் வந்தது. கூடமும் சிறியது. ஜவ்வரிசி மில் முதலாளி, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு வியாபாரி, நாமக்கல்லிலிருந்து வந்த கோழிப் பண்ணைக்காரர், பெண்ணின் பிரசவத்துக்குப் போகும் தாயார் எல்லோரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார வேண்டும். பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை.

சென்னையிலோ பெங்களூரிலோ இறங்கினால் விஷயம் வேறு. அங்கே ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு ஒன்று இருக்கும். சிலர் ஒரு அட்டையை நீட்டி விட்டு உள்ளே போவார்கள். மற்றவர்கள் வெளியே பெட்டியின் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே என்னதான் இருக்கிறது? நீங்களும் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருப்பீர்கள். வாருங்கள், போய்ப் பார்த்து விடலாம்.

அட்டையைக் காட்டி நுழைகிற கூடம் அப்படி ஒன்றும் தேவலோகம் இல்லை. பாங்கிக்காரர்கள் கொடுக்கும் அட்டையைத் தேய்த்து, பல சமயங்களில் இரண்டு ரூபாய் பிடித்துக் கொண்டு உள்ளே விடுவார்கள். மெத்தை நாற்காலி உண்டு. இட்லி, சாம்பார், தயிர் சாதம், நூடுல்ஸ் எல்லாம் மூடி போட்ட பாத்திரங்களில் வைத்திருப்பார்கள். காப்பி இயந்திரத்திலிருந்து வரும். கும்பகோணத்து மனிதர்கள் அதைக் காப்பி என்று ஒப்புக் கொள்வார்களா என்பது சந்தேகந்தான். காலை வேளையில் வாசலில் நீண்ட வரிசை நிற்கும். கல்யாணப் பந்தியில் இரண்டாம் பந்திக்கு இடம் பிடிக்கிறோமே, அதே காட்சி. 2025 செப்டம்பரில் 'ட்ரீம்ஃபோக்ஸ்' என்ற கம்பெனி தன் உள்நாட்டு லவுஞ்சு சேவையை நிறுத்தி விட்டது. அட்டைகளுக்கும் லவுஞ்சுகளுக்கும் நடுவே நின்று ஏற்பாடு செய்து வந்த கம்பெனி அது. அட்டையை நம்பிப் போனவர்களில் பலர் திண்டாடினார்கள்.

இதில் குடும்பப் பெண்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. அட்டை வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். பல அட்டைகளில் ஒருவருக்குத்தான் அனுமதி. "நீ இங்கேயே இரு, நான் ஒரு நிமிஷத்தில் வந்து விடுகிறேன்" என்று அவர் உள்ளே போவார். கைக்குழந்தையும் மூன்று பைகளுமாக நீங்கள் வெளியே! அரை மணி கழித்து, பூரி வாசனையோடு வெளியே வரும் மனிதரை எந்த முகத்தோடு வரவேற்பது?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இப்போதெல்லாம் பல அட்டைகளுக்கு, மூன்று மாதத்தில் இத்தனை ஆயிரம் ரூபாய் செலவு செய்திருந்தால்தான் லவுஞ்சு கதவு திறக்கும். ஒரு தட்டு இட்லிக்காக ஒரு புடவை வாங்கி, அந்தப் புடவைக்காக மாதத் தவணை கட்டுகிறோம். தவணை தவறினால் வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக் கொண்டாலும் வருஷத்துக்கு 42 சதவீதம் ஆகிறது. சந்தையில் கந்து வட்டிக்கு விடுகிறவரைப் பற்றி நாம் என்னவெல்லாம் பேசுகிறோம்!

போகட்டும். நான் சொல்ல வந்தது இந்தக் கூடத்தைப் பற்றி அல்ல. பணம் கொடுத்தாலும் நுழைய முடியாத கூடங்கள் உலகத்தில் இருக்கின்றன. அழைப்பு வந்தவர்களுக்கு மட்டுந்தான் அங்கே இடம். விண்ணப்பப் பாரம் கிடையாது. என்ன தகுதி வேண்டும் என்று கேட்டால் பதிலும் கிடையாது.

இந்த வழக்கத்தை ஆரம்பித்தது அமெரிக்கா. 1939-ல் நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்தில் 'அமெரிக்கன் ஏர்லைன்ஸ்' கம்பெனி 'அட்மிரல்ஸ் கிளப்' என்று ஒரு கூடம் திறந்தது. கம்பெனித் தலைவர் ஸி. ஆர். ஸ்மித் சமர்த்தர். தம்முடைய விமானங்களுக்குத் 'தளபதிக் கப்பல்' என்று பெயர் வைத்திருந்தார். கப்பல் இருந்தால் கடற்படைத் தளபதி வேண்டாமா? ஆகவே தமக்கு வேண்டிய பிரமுகர்களுக்கெல்லாம் 'அட்மிரல்' பட்டம் கொடுத்தார். கடலையே பார்க்காத கனவான்கள் கூடத் தளபதிகள் ஆனார்கள். பிற்காலத்தில் சந்தா கட்டினால் யார் வேண்டுமானாலும் தளபதி ஆகலாம் என்று வந்து விட்டது. பட்டத்தின் மவுசும் குறைந்தது.

இன்றைக்கு மிகப் பேர் பெற்ற அழைப்புக் கூடம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 'குவான்டாஸ்' விமானக் கம்பெனியின் 'சேர்மன்ஸ் லவுஞ்சு'. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன், கான்பெரா, அடிலெய்டு, பெர்த் ஆகிய ஆறு நகரங்களில் உண்டு. உங்கள் பெண்ணோ பிள்ளையோ சிட்னியில் இருந்தால், அந்தக் கதவை நீங்கள் தாண்டியே போயிருக்கலாம், தெரிந்திருக்காது. கதவில் பெயர்ப் பலகையே கிடையாது! தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்ற எண்ணம்.

உள்ளே போனால் ரத்தினக் கம்பளமும் சரவிளக்கும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். நல்ல ஹோட்டல் ஒன்றின் வரவேற்பறை மாதிரி அமைதியாக இருக்கும், அவ்வளவுதான். பாத்திரங்களைத் திறந்து பார்க்கிற வேலை இல்லை. மேஜைக்கே வந்து, "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டுப் பரிமாறுவார்கள். திராட்சை மதுவும் உண்டு. சாப்பாட்டை விடப் பெரிய விருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான். வாசலில் நிற்கும் பெண்ணுக்கு உங்களைத் தெரியும். பக்கத்து நாற்காலியில் ஒரு மந்திரி இருப்பார். எதிரே ஒரு நீதிபதி. ஜன்னல் ஓரத்தில் பெரிய கம்பெனி அதிபர். மனிதர்களுக்காகத்தான் அங்கே போகிறார்கள்.

இதெல்லாம் பணக்காரர்கள் வீட்டுச் சமாசாரம், நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? அங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் பார்லிமெண்டு அங்கத்தினர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் கூடத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். வாழ்க்கைத் துணைவருக்கும் அனுமதி உண்டு. விமானக் கம்பெனிகளுக்குச் சட்டம் செய்கிறவர்கள், ஒரு விமானக் கம்பெனியின் விருந்தாளிகள்! 2023-ல் இன்னொரு செய்தி வெடித்தது. பிரதம மந்திரி ஆன்டனி ஆல்பனீஸின் மகனுக்கும் அழைப்பு கிடைத்திருந்தது. அப்போதுதான் படிப்பு முடித்து உலகத்தில் அடியெடுத்து வைக்கிற வயது. அதே சமயத்தில்தான் கத்தார் நாட்டு விமானக் கம்பெனி கூடுதலாக விமானம் விட அனுமதி கேட்டு, அரசாங்கம் மறுத்திருந்தது. போட்டி வந்திருந்தால் டிக்கட் விலை குறைந்திருக்குமே என்று ஜனங்கள் கேட்டார்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு எதிர்க் கட்சிக்காரர்கள் பேசினார்கள். முடிச்சு உண்மையா என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் குவான்டாஸ் தலைமை நிர்வாகி ஆலன் ஜாய்ஸிடம் செனட் விசாரணைக் குழு அதைப் பற்றிக் கேட்ட போது, பதில் சொல்ல மறுத்து விட்டார். செப்டம்பர் பிறந்ததும் பதவியை விட்டுப் போனார்.

சாதாரணப் பிரயாணிகளுக்கு அதே கம்பெனி செய்த உபசாரத்தையும் கேளுங்கள். ஏற்கனவே ரத்து செய்ய முடிவு செய்த விமானங்களுக்கு டிக்கட் விற்றது என்று ஆஸ்திரேலியாவின் வாணிபக் கண்காணிப்பு ஆணையம் 2023 ஆகஸ்டில் வழக்குப் போட்டது. கம்பெனி தப்பை ஒப்புக் கொண்டது. 2024-ல் 10 கோடி டாலர் அபராதமும், பிரயாணிகளுக்கு 2 கோடி டாலர் ஈடும் கொடுக்க நேர்ந்தது. அந்த வருஷம் அக்டோபரில் ஜோ ஆஸ்டன் என்ற பத்திரிகையாளர் இதையெல்லாம் ஒரு புத்தகமாகவே எழுதி விட்டார். தலைப்பு என்ன தெரியுமா? அந்தக் கூடத்தின் பெயரேதான்!

ஒன்று மட்டும் அந்த ஊர்க்காரர்களைப் பாராட்டத்தான் வேண்டும். பார்லிமெண்டு அங்கத்தினர் இந்த மாதிரி சலுகை எது பெற்றாலும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அந்த ஏற்பாடு இருந்ததால்தான் எத்தனை பேர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஜனங்களால் எண்ண முடிந்தது.

நம் நாட்டு விமான நிலையங்களிலும் பிரமுகர்களுக்கென்று தனி அறைகள் உண்டு. யாரைச் சோதனை இல்லாமல் விட வேண்டும் என்று ஒரு ஜாபிதாவும் உண்டு. அதில் முன்னாள் ஜனாதிபதிகளும் அடக்கம். அப்படி இருந்தும் 2009 ஏப்ரலில் டில்லியில், 'கான்டினென்டல்' என்ற அமெரிக்கக் கம்பெனிச் சிப்பந்திகள் அப்துல் கலாமைத் தடவிச் சோதித்தார்கள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் உடன்பட்டு, விமானம் ஏறிப் போய் விட்டார். ஜூலையில் விஷயம் வெளி வந்து பார்லிமெண்டில் அமளி நடந்த பிறகு, கம்பெனி மன்னிப்புக் கேட்டது. புகார் செய்தவர் எவரோ. இராமேசுவரத்து மனிதர் இல்லை!

கதவை மூடிக் கொள்ளும் ஆசை விமானத்தோடு பிறந்ததும் அல்ல. தென்னாட்டு ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் ஒரு காலத்தில் பிராமணர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு வேறு இடம் என்று பலகை தொங்கியது. பெரியார் விடாமல் கிளர்ச்சி செய்து, 1941-ல் அந்தப் பலகைகள் இறங்கின. உங்கள் பாட்டியைக் கேட்டால் அவருடைய அம்மா சொன்ன கதையாக ஏதாவது ஞாபகம் இருக்கும்.

சமீப காலத்திலும் ஒன்று நடந்தது. 2014 ஜூலையில் சென்னைச் சேப்பாக்கத்தில், கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. ஹைகோர்ட்டு நீதிபதி ஹரிபரந்தாமன் வேஷ்டி கட்டிக் கொண்டு போனார். வேஷ்டி கட்டியவருக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே நிறுத்தி விட்டார்கள்! தமிழ் நாட்டில், தலைநகரத்தில், நீதிபதியை! அடுத்த மாதமே ஜெயலலிதா அரசு சட்டசபையில் சட்டம் கொண்டு வந்தது. வேஷ்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், உரிமமும் ரத்து. ஈரோட்டிலும் சேலத்திலும் நெசவு செய்கிறவர்களுக்கு அன்று நிச்சயம் சந்தோஷமாக இருந்திருக்கும்.

சரி, விமானம் ஏறும் நேரம் வந்து விட்டது. கிளம்புவதற்கு முதல் நாளே பாங்கிக்குப் போன் செய்து மூன்று கேள்விகள் கேட்டு விடுங்கள். இந்த மூன்று மாதச் செலவு போதுமா? மனைவி பெயரில் வாங்கிய துணை அட்டைக்கும் அனுமதி உண்டா? குழந்தைக்குத் தனிக் கட்டணமா? மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வரவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். உள்நாட்டு விமானத்தில் புளியோதரையையும் இட்லியையும் டப்பாவில் போட்டுத் தாராளமாக எடுத்துப் போகலாம். மிளகாய்ப் பொடியைத் தனியாகக் கட்டாமல், எண்ணெயில் குழைத்து இட்லியின் மேலேயே தடவி விடுங்கள். ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் சோதனை மேஜையிலேயே எடுத்து வைத்துக் கொண்டு விடுவார்கள்.