வரைந்தவர் பெயர் எங்கே?

பாடப் பணிக்காகப் பழைய செடி ஓவியம் ஒன்றைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். இலை நரம்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் வில்லியம் ஃபார்குவார் வரையச் செய்த 477 இயற்கை ஓவியங்களில் அதுவும் ஒன்று. அவை சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன. நீர்வண்ணம் வெளிச்சத்தில் மங்கும். எல்லாவற்றையும் எப்போதும் காட்சிக்கு வைக்க இயலாது. மின்னிலக்கப் படங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால், வரைந்தவர்கள் யார்? சீன ஓவியர்கள் என்று கருதப்படுகிறது. பெயர்கள் தெரியவில்லை. எழுதி வைக்காத பெயரை எந்த மின்னிலக்கமும் மீட்டுத் தராது.

எங்கள் மாணவர் மன்றத்தின் செடி ஓவியங்களைப் பதிவேற்றியபோது நானும் செடியின் பெயரை மட்டுமே எழுதியிருந்தேன். வரைந்தவர்களைத் தேடிப் பெயர் சேர்க்க ஒரு வாரம் ஆனது. அவர்கள் வரைந்ததோ சென்ற ஆண்டுதான்!