பழைய எஸ்யுவியின் தானியங்கி கியர்பெட்டி: கோளாறும் பாதுகாப்பும்

தானியங்கி கியர்பெட்டி முழுக்க முழுக்க ஆயிலை நம்பி இயங்கும் இயந்திரம். எஞ்சினின் விசையைக் கடத்துவது, கியரை மாற்றுவது, உராயும் பாகங்களைக் குளிர்விப்பது ஆகிய மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். பல ஆண்டுகள் ஓடிய எஸ்யுவியின் கியர்பெட்டியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஆயிலின் அழுத்தம் குறைவதாலோ, அது அளவுமீறிச் சூடாவதாலோ, அதில் வேறு பொருள் கலப்பதாலோ வருபவை.

ஆயில் அழுத்தத்தால் கியர் மாற்றும் இந்த முறையைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது ஜெனரல் மோட்டார்ஸ். அதன் ஹைட்ராமேட்டிக் கியர்பெட்டி 1939-ல் அறிமுகமாகி, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. பின்னாளில் பரவலான வடிவத்தில் எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைப்பது டார்க் கன்வர்ட்டர். எஞ்சினோடு சுழலும் அதன் இதழ்கள் ஆயிலை வீசியடிக்க, அந்த வேகத்தில் எதிரே உள்ள இதழ்கள் சுழல்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள ஸ்டேட்டர், திரும்பி வரும் ஆயிலைச் சரியான திசைக்குத் திருப்பிவிடுகிறது. இதனால் வண்டி கிளம்பும்போது முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகிறது. சிக்னலில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது எஞ்சின் அணையாமல் இருப்பதற்கும் இந்த அமைப்பே காரணம்.

அடுத்திருப்பது கோள் பல்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிச் சில சிறு பல்சக்கரங்கள், வெளியே ஒரு பல்வளையம். இவற்றில் எதைச் சுழலவிட்டு எதைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துக் கியர் அமைகிறது. பிடித்து நிறுத்துவதும் இணைப்பதும் கிளட்ச் தட்டுகளின் வேலை. எஃகுத் தட்டின் மேல் காகித நாரால் ஆன உராய்வுப் படலம் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பம்பிலிருந்து வரும் ஆயில் அழுத்தம் தட்டுகளை நெருக்குகிறது. எந்தக் கிளட்சுக்கு எப்போது ஆயில் போக வேண்டும் என்று கணினி முடிவுசெய்ய, வால்வ் பாடி என்னும் ஆயில் பாதைத் தொகுதியில் உள்ள சொலினாய்டுகள் (மின்காந்த வால்வுகள்) அதற்கான வழியைத் திறந்து மூடுகின்றன.

வயதாக ஆகச் சீல்கள் இறுகி ஆயில் கசியும். தேய்ந்த துகள்கள் சொலினாய்டை அடைக்கும். அழுத்தம் குறைந்தால் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் சூடு ஏறும், சூட்டில் ஆயில் கெடும், கெட்ட ஆயிலில் தட்டுகள் இன்னும் வழுக்கும். சாதாரண ஓட்டத்தில் ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 120-ஐத் தாண்டினால் அது வேகமாகக் கெடத் தொடங்குகிறது. எஸ்யுவியின் எடையும், அதன் பின்னால் டிரெய்லரைக் கட்டி இழுக்கும் பழக்கமும் இந்தச் சூட்டைக் கூட்டுகின்றன.

அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையிலான நிஸான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெர்ரா வண்டிகளில் ஆயிலில் வேறு பொருள் கலந்து வந்த கோளாறு தொடங்கிய இடம் ரேடியேட்டர். கியர்பெட்டி ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் இவற்றில் ரேடியேட்டருக்குள்ளேயே இருந்தது. அந்தக் குழாய் விரிசல் விட்டதும் கூலன்ட்டும் ஆயிலும் கலந்தன. தெளிந்த சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் ரோஸ் மில்க் போல் கலங்கி நுரைத்தது. கூலன்ட்டில் உள்ள நீரும் கிளைக்காலும் உராய்வுப் படலத்தில் ஊறி, அதன் பசையைத் தளர்த்தி, படலத்தை உரித்துவிடும். ஓட்டுநருக்கு முதலில் தெரிவது நடுத்தர வேகத்தில் வரும் ஓர் அதிர்வு மட்டுமே. இந்த நிலையில் ரேடியேட்டரை மட்டும் மாற்றினால் போதாது. கியர்பெட்டியும் பெரும்பாலும் போயிருக்கும். வழக்குகளுக்குப் பிறகு ரேடியேட்டருக்கான உத்தரவாதம் 10 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் வரை நீட்டிக்கப்பட்டது.

ஓடும் வண்டியில் கியர்பெட்டிக் கோளாறு இரு விதத்தில் ஆபத்தாகிறது. முதலாவது, விசை சக்கரங்களுக்குப் போகாமல் நின்றுவிடுவது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் வரை பிரேக்கும் பவர் ஸ்டீயரிங்கும் வேலை செய்யும் என்பதால், அபாய விளக்கைப் போட்டு ஓரங்கட்ட முடியும். இறக்கத்தில் எஞ்சினின் தடுப்பு கிடைக்காது என்பதை மறக்கக் கூடாது. இரண்டாவது, கியர்பெட்டி இறுகிப்போவது. 2004-ல் ஹோண்டா நிறுவனம் பைலட், அக்யூரா எம்டிஎக்ஸ் எஸ்யுவிகள் உட்பட ஏறத்தாழ 11 லட்சம் வண்டிகளை இதற்காகத் திரும்ப அழைத்தது. இரண்டாம் கியர் சூடேறிப் பல் உடைந்து கியர்பெட்டி இறுகக்கூடும் என்பது காரணம். அந்தக் கியருக்குக் கூடுதலாக ஆயில் பீய்ச்சும் அமைப்பைப் பொருத்துவது தீர்வாக இருந்தது.

நிறுத்திய வண்டி நகர்வது மூன்றாவது ஆபத்து. பார்க் நிலையில் வண்டியைப் பிடிப்பது ஆயில் அல்ல. கியர்பெட்டியின் வெளித்தண்டில் உள்ள பற்சக்கரத்தின் பள்ளத்தில் ஒரு சிறு எஃகுக் கொக்கி விழுகிறது, அவ்வளவுதான். லீவர் இணைப்பு தேய்ந்திருந்தால், முள் பார்க்கைக் காட்டினாலும் கொக்கி முழுதாக விழுந்திருக்காது. 1970-களின் ஃபோர்டு வண்டிகள் பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்கு நழுவுவதாகப் புகார்கள் குவிந்தன. 1980-ல் அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஏறத்தாழ 2.3 கோடி வண்டிகளுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர்கள் அனுப்பப்பட்டன.

நான்கு சக்கர இயக்கமுள்ள எஸ்யுவியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கியர்பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் நடுவே, விசையை முன் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கிறது. அது நியூட்ரலில் இருந்தால், லீவர் பார்க்கில் இருந்தாலும் சக்கரங்கள் தாராளமாக உருளும். 2013-ல் ஜீப் கிராண்ட் செரோக்கி, கமாண்டர் வண்டிகள் ஏறத்தாழ 4.69 லட்சம் திரும்ப அழைக்கப்பட்டது இதனால்தான். மின்சுற்றுப் பலகையின் பழுதால் டிரான்ஸ்ஃபர் கேஸ் தானே நியூட்ரலுக்குப் போகக்கூடியதாக இருந்தது. ஆகவே பார்க்கில் போடும் முன் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுவதே சரியான வரிசை. எடை கொக்கியின் மேல் விழாது. பிரேக்கை மிதிக்காமல் லீவரைப் பார்க்கிலிருந்து எடுக்க விடாத பூட்டு அமெரிக்காவில் 2010 செப்டம்பர் முதல் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில் அது இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய வண்டியை வாங்குபவர் முதலில் கியர்பெட்டியின் டிப்ஸ்டிக்கைப் பார்க்கலாம். ஆயில் சிவப்பாகத் தெளிந்திருந்தால் நல்லது. பழுப்பாகிக் கருகல் வாடை வந்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பாலாகக் கலங்கியிருந்தால் நீர் கலந்திருக்கிறது. டிரைவுக்கோ ரிவர்ஸுக்கோ மாற்றி இரண்டு மூன்று நொடி கழித்தே வண்டி இழுத்தால் அழுத்தம் குறைவு. ஒரே கியரில் சிக்கி மெதுவாக ஓடினால், கோளாறைக் கண்ட கணினி பாதுகாப்பு முறைக்குப் போயிருக்கிறது. அப்போது பக்கத்து மெக்கானிக்கிடம் போய்ச் சேர்வதற்கு மட்டுமே வண்டியை ஓட்ட வேண்டும். வழியில் நின்றுபோனால், விசை பெறும் சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்கக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது பம்பும் சுழலாது. ஆயில் கிடைக்காமல் உள்பாகங்கள் வறண்டு தேயும். அத்தகைய வண்டியை லாரியின் மேல் ஏற்றிக் கொண்டுபோவதே முறை.